சக்கரத்தின் முதுகில் இருந்த எண்

கோவிச்சுக்காதீங்க. எடைச் சீட்டு இல்லாம நான் வீல் மாட்ட மாட்டனுங்க.

வண்டி உங்களுது, காசு உங்களுது, ஆசையும் உங்களுது, எல்லாம் சரிதான். ஆனா பிக்கப்புக்கு மேல ஒரு வீட்டையே தூக்கி வச்சுட்டு வந்திருக்கறீங்க. கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி, பேட்டரி. எத்தனை கிலோன்னு கேட்டா, கட்டிக் குடுத்தவர் நானூறுன்னு சொன்னாருங்கறீங்க. கட்டிக் குடுக்கறவங்க என்னைக்குங்க கூட்டிச் சொல்லியிருக்கறாங்க? தண்ணி நெறைச்சா என்ன, நீங்க ரெண்டு பேரும் ஏறி உட்கார்ந்தா என்ன, அரிசி பருப்பு வச்சா என்ன, அதெல்லாம் சேர்த்துச் சொல்ல மாட்டாங்க. எதுத்தாப்பல எடை மேடை இருக்குது. மரவள்ளிக் கிழங்கு லாரி நாலு நிக்குது, அது நகர்றதுக்கு அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இப்படி ஃபேனுக்கு நேரா உட்காருங்க. அம்மணி வண்டியிலயே இருக்கறாங்களே, இறங்கி வரச் சொல்லுங்க. வேண்டாம்ங்கறாங்களா. சரி, அவங்க இஷ்டம்.

நீங்க கேக்கற மாதிரி கறுப்பு வீல், இருபது இஞ்சு, ரெண்டு விரக்கடை வெளிய தள்ளிட்டு நிக்குமே, அது என்கிட்டயும் இருந்துதுங்க. அந்தச் சுவத்துலதான் தொங்கிட்டு இருந்துது. ஜீப்பு வச்சிருக்கற பசங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க. வெறும் ஜீப்புக்குக் குத்தமில்லீங்க, ஓடும். இப்ப நான் வக்கறதில்லை. எதுக்குன்னு கேட்டீங்கள்ல, சொல்றேன். சொல்லக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கறாரு. ஆனா நீங்க வெளியூரு.

எனக்கு சொந்த ஊரு சங்ககிரிப் பக்கமுங்க. பேரு செங்கோடன். பதினஞ்சு வருசத்துக்கு முன்னால நானும் லோகநாதன்னு ஒருத்தனும் அங்க கூட்டா ஒரு டயர் கடை போட்டிருந்தோம். லாரி வேலை மட்டும்தான். அவன் வாய், நான் கை. வர்ற டிரைவருக்கு டீ வாங்கிக் குடுத்துப் பேசி உட்கார வக்கறது அவன். டயரைக் கழட்டி மாட்டி நட்டு முடுக்கறது நான். ஆறு வருசம் ஒரே தட்டுல சாப்பிடாத குறைதான்.

ஒரு நாள் பகல் பதினோரு மணி இருக்கும். ஒரு லாரி வந்துது, பின்சக்கரம் நாலும் மாத்தணும். மாத்தி, நட்டெல்லாம் கையிலயே ஏத்தி விட்டுட்டேன். கடைசி முடுக்கு மட்டும் பாக்கி. அந்நேரம் பார்த்து பக்கத்துக் கடைக்காரன் எங்க வாசலை அடைச்சு வண்டியை நிறுத்திட்டான். தினமும் அவனுக்கு இதே வேலை. நான் கேக்கப் போனேன். வாய்த் தகராறு ஆகிப் போச்சு. ஆனா போறப்ப லோகநாதன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன், 'கடைசி முடுக்கு போட்டுரு'ன்னு. கம்ப்ரசர் ஓடிட்டு இருந்துது. அவன் காதுல விழுந்துதோ இல்லியோ. அது எனக்குத் தெரியாது. ஆனா நான் சொன்னேனுங்க. சொன்னது சொன்னதுதானே?

திரும்பி வந்தா லாரி போயிருச்சு. முடுக்கினியான்னு நானும் கேக்கலை. கேக்கறதுக்கு என்ன இருக்குது? சொன்ன வேலையைச் செஞ்சிருப்பான்னு நம்பறதுதானே கூட்டு.

குமாரபாளையம் தாண்டி ஒரு சக்கரம் கழண்டு உருண்டு போய், மொபெட்ல வந்த ஒரு தறிக்காரர் மேல அடிச்சிருச்சு. அவருக்கு ஒரு பாதம் போயிருச்சு. பேரு... கோர்ட்டுல சொன்னாங்க. பொன்னுசாமியோ பொன்னரசோ. ஞாபகம் இல்லீங்க.

சாயங்காலம் லாரிக்காரர் அஞ்சாறு பேரைக் கூட்டிட்டு வந்து நின்னாரு. 'யாரு மாட்டினது?'ன்னு கேட்டாரு. லோகநாதன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்பறம், 'செங்கோடன்தாங்க மாட்டினது'ன்னான்.

நான் மாட்டினது நெசம்தானுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லை. ஆனா 'நாங்க'ன்னு சொல்லியிருக்கலாமே. 'நான்'னு சொல்ல வேண்டாம். 'நாங்கதாங்க மாட்டினோம்', அப்படின்னு ஒரு வார்த்தை. ஆறு வருசம் கூட இருந்தவனுக்கு அந்த வார்த்தை வாயில வரலை.

பதினோரு நாள் உள்ள இருந்தேன். மூணு வருசம் கேஸுக்கு நடந்தேன். வையப்பமலைப் பக்கம் ஒரு பொண்ணு பேசி வச்சிருந்தாங்க, கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்துது. 'நட்டு முடுக்காத கைக்கு எங்க பொண்ணு எதுக்கு'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கப்பறம் நான் யாரையும் பார்க்கலை. சங்ககிரியில ஒரு லாரிக்காரன் என் கையில சக்கரத்தைக் குடுக்கலை. இந்தச் சேந்தமங்கலத்துக்கு வந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டு, அப்படியே ஏறி வந்ததுதான் இந்தக் கடை.

அவன் நல்லாயிட்டான். ரெண்டு லாரி வாங்கினான், ஒம்பது ஆச்சு. கல்யாணம் கட்டி ராசிபுரத்துல வீடு கட்டினான். எல்லாம் என் காதுக்கு வரும். வராட்டி நானே கேட்டுக்குவேன். காலையில கடை திறக்கறப்ப ஒருக்கா, பூட்டறப்ப ஒருக்கா அவனை நெனைப்பேனுங்க, சாமி கும்பிடற மாதிரி. அவனுக்கு ஒரு நாள் வரும், அந்த நாள் என் கையில வரும்னு. அது மட்டும் எனக்கு உறுதியாத் தெரியும்.

போன வருசம் ஆடி மாசம் வந்துது.

காலையில ஒரு வெள்ளை பிக்கப்பு, மேல உங்களுது மாதிரியே ஒரு கூண்டு. கரூர்ல கட்டினதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. இறங்கினவனைப் பார்த்தேன். தலை நரைச்சிருந்துது, தொப்பை விழுந்திருந்துது. ஆனா நடை மாறலை.

'செங்கோடா, நல்லா இருக்கியா?'ன்னான்.

'வாங்க'ன்னேன். 'வாடா'ன்னு வரலை.

பொறவு அவன் சம்சாரம் இறங்கினாங்க. சுலோச்சனா. நான் அதுக்கு முன்னால அவங்களைப் பார்த்ததில்லை. பருத்திச் சேலை, ஒட்ட வாரின பின்னல், கையில ஒரு நோட்டு. எந்தெந்த ஊருக்குப் போகணும்னு அதுல எழுதி வச்சிருந்தாங்க. 'லாரியெல்லாம் வித்தாச்சுங்கண்ணா. இனி ஊர் சுத்தறதுதான். மொதல்ல கொல்லிமலை, அப்பறம் வடக்க'ன்னாங்க. முதல் தடவை பார்க்கறவனை அண்ணாங்கறாங்க. சிரிச்ச முகம்.

லோகநாதன் கடையைச் சுத்திப் பார்த்துட்டு, மெதுவா, 'ராசிபுரத்துல நாலு கடை இருக்குது. உன்கிட்டத்தான் மாட்டணும்னு வந்தேன். அன்னைக்கு நடந்ததுல தப்பு உன்னுது மட்டும் இல்லை, செங்கோடா. அதைச் சொல்லணும்னு நெம்ப நாளா இருந்துது'ன்னான்.

கேட்டுக்குங்க. உன்னுது 'மட்டும்' இல்லையாம். அப்ப என்னுதும் இருக்குதுங்கறான். பதினாலு வருசம் கழிச்சு, என் வாசல்ல நின்னு, என் முகத்துக்கு நேரா. ஸ்பேனரைத் துடைச்சுட்டு இருந்தேன்.

அப்பத்தான் அவன் சுவத்துல அந்தக் கறுப்பு வீலைப் பார்த்தான். கிட்டப் போய் தடவினான். 'இது போட்டா வண்டி எடுப்பா இருக்கும்ல'ன்னான். சின்ன வயசுலருந்தே அவனுக்கு எடுப்பு வேணும்.

அந்த வீலை நான் எடுத்து இறக்கினேன். முதுகுப் பக்கம், நட்டு ஓட்டைக்குப் பக்கத்துல, ஒரு எண் அடிச்சிருக்கும். எல்லா வீலுலயும் இருக்கும், யாரும் பார்க்க மாட்டாங்க. அந்த ஒரு சக்கரம் எத்தனை கிலோ தாங்கும்ங்கறது. அதுல அறுநூத்தித் தொண்ணூறுன்னு இருந்துது. அவன் வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாப் போதும், எனக்குத் தராசு வேண்டாமுங்க. பின்னால ஸ்பிரிங் பட்டை எடை தாங்காம மல்லாந்து கெடந்துது. பின்னால ஒவ்வொரு சக்கரத்து மேலயும் ஆயிரம் கிலோ உட்கார்ந்திருந்துது. மலை வளைவுல ஒரு பக்கம் சாஞ்சா அதுக்கும் மேல.

வேற எவனாவது வந்திருந்தா, அரை மணி நேரம் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். அனுப்பியிருக்கறேன். ஊருக்கே தெரியும்.

அந்தம்மா கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தாங்க. 'இது வெளிய நீட்டிட்டு இருக்குதே. இந்த எடைக்குத் தாங்குமாங்கண்ணா?'ன்னாங்க.

நான், 'நல்லா இருக்கும், அம்மணி'ன்னேன்.

நல்லா இருக்கும்னுதானுங்க சொன்னேன். தாங்கும்னு சொல்லலை. பார்க்க நல்லாத்தான் இருந்துது. அதுல பொய் இல்லை.

நாலையும் மாட்டினேன். நட்டை அளவு ஸ்பேனர் வச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணா, ரெண்டு சுத்து முடுக்கினேன். முடுக்குல ஒரு குத்தம் சொல்ல முடியாது. எவன் வந்து பார்த்தாலும் செங்கோடன் கை சுத்தம்னு தெரியணும். எண்ணு உள்பக்கம் போயிருச்சு. அந்தம்மா பையில இருந்து ரெண்டு அதிரசம் எடுத்துக் குடுத்தாங்க. வேண்டாம்னேன். ஸ்டூல் மேல வச்சுட்டுப் போனாங்க. நான் அதைத் திங்கலை. நாய்க்குப் போட்டேன்.

அப்பறம் காத்துட்டு இருந்தேன். வெறும் காத்திருப்பு இல்லீங்க, கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்கற மாதிரி. முதல் நாள் ஒண்ணும் இல்லை. ரெண்டாம் நாள் ஒண்ணும் இல்லை. எனக்கே சந்தேகம் வந்துது, எண்ணைத் தப்பாப் படிச்சிட்டமோன்னு. மூணாம் நாள் மத்தியானம் கொல்லிமலை பஸ்ஸை ஓட்டிட்டு வந்த டிரைவர் காத்துப் பிடிக்க நின்னாரு. 'முப்பத்தெட்டாவது வளைவுல ஒரு பிக்கப்பு சாஞ்சு கெடக்குதுங்க. சக்கரமே ரெண்டாப் பொளந்திருக்குது'ன்னாரு.

கடையை அப்படியே போட்டுட்டுப் போனேன். பார்க்கணும்ல?

இடது பின்சக்கரம் நடுவுல விட்டுப் போயிருந்துது. நட்டு மாட்டற நடுக் குடம் மட்டும் வண்டியில இருக்குது, மத்ததெல்லாம் ரோட்டுல. இறக்கத்துல வர்றப்ப வளைவுல படுத்து, இடது பக்கம் முழுக்கத் தடுப்புச் சுவத்துல இழுத்துட்டுப் போயிருக்குது. கூண்டு கழண்டு தனியாக் கெடந்துது. தண்ணித் தொட்டி உடைஞ்சு ரோடெல்லாம் ஈரம். அரிசி கொட்டியிருந்துது, அதை மிதிக்காமப் போகணும்னு எல்லாரும் சுத்திப் போனாங்க. அவங்களை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போயாச்சுன்னு சொன்னாங்க.

மனசு குளிர்ந்துதான்னு கேட்டா, குளிர்ந்துதுங்க. நான் ஏன் பொய் சொல்லணும்? பதினாலு வருசம். சுவத்துல சாஞ்சு நின்னு முழுசாப் பார்த்தேன். ஒரு பீடி குடிச்சேன். எனக்குப் பீடிப் பழக்கமே கிடையாது, அங்க நின்ன ஒருத்தர்கிட்ட வாங்கிக் குடிச்சேன்.

அவனுக்கு இடுப்பெலும்பு. அந்தம்மாவுக்குக் கையில சின்ன அடின்னாங்க.

அடுத்த வாரம் போலீஸ்காரர் ஒருத்தர் கடைக்கு வந்தாரு. வரட்டும்னுதான் இருந்தேன். என்ன சொல்லணும்னு யோசிச்சே வச்சிருந்தேன். 'ஆமாங்க, நான்தான் மாட்டினேன், அவர் கேட்டதை மாட்டினேன்'னு. மறுபடியும் அவன் என் பேரைச் சொல்லுவான்ல, சொல்லட்டும். இந்தத் தடவை சொன்னா அது எனக்கு மாலை போட்ட மாதிரி.

அவரு நோட்டைப் பிரிச்சுப் படிச்சாரு. 'கடைக்காரர் வேண்டாம்னுதான் சொன்னாரு, நான்தான் கேக்காம வற்புறுத்தி மாட்டச் சொன்னேன், அவர் மேல ஒரு தப்பும் இல்லை.' அப்படின்னு லோகநாதன் ஆஸ்பத்திரியில படுத்துட்டு எழுதிக் குடுத்திருக்கறான். 'சரிதானுங்களே?'ன்னு என்னைக் கேட்டாரு. நான் அவர் பேனாவையே வாங்கினேன். கையெழுத்துப் போட்டுட்டேன்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. செஞ்சது நான். பதினாலு வருசம் பசியா இருந்து பரிமாறின சோத்தை, தட்டோட எடுத்துட்டுப் போயிட்டான். நான் வேண்டாம்னு சொன்னனாம். எப்பச் சொன்னேன்? அன்னைக்கு சொன்ன வேலையைச் செய்யலை, இன்னைக்கு சொல்லாத வார்த்தையைச் சொல்றான். பழி வாங்கினா, வாங்கினது யாருன்னு அவனுக்குத் தெரியணுமுங்க. தெரியாட்டி அது வெறும் விபத்துத்தானே?

எட்டு மாசம் அதையே மென்னுட்டு இருந்தேன். சோறு எறங்கலை.

மாசி கழிஞ்சு ஒரு நாள் போன் பண்ணினான். 'வண்டியை ரெடி பண்ணிட்டாங்க. கூண்டையும் சரி பண்ணி ஏத்தியாச்சு. சக்கரம் மட்டும் இல்லை. இந்தத் தடவை நீயே பார்த்து எடு'ன்னான்.

அப்பத்தான் எனக்கு வழி தெரிஞ்சுது. வாயில சொல்றதை விட இது மேல். சரியான வீலைக் கொண்டு போய் அவன் முன்னால வக்கணும். அதைப் பார்த்தா அவனுக்கே புரியும், இவனுக்கு முதல்லயே எல்லாம் தெரியும்னு. தெரியாமச் செய்யலை, தெரிஞ்சுதான் செஞ்சான்னு.

அதுக்காக ஒரு வாரம் அலைஞ்சேனுங்க. இரவல் வீல் மாட்டி அவன் வண்டியை எடை மேடைக்கு ஓட்டிட்டுப் போகச் சொன்னேன், தண்ணி நெறைச்சு, கேஸ் வச்சு, ரெண்டு ஆள் உட்கார்ந்து, முன்னால தனி, பின்னால தனி. சீட்டை வாங்கி வச்சுட்டுக் கணக்குப் போட்டேன். பதினாறு இஞ்சு, கம்பெனியில வந்த அளவேதான், வெளிய நீட்டாதது. அலாய் இல்லை, இரும்பு. பார்க்க ஒண்ணும் இருக்காது, பால் வண்டி மாதிரி இருக்கும். ஒண்ணு ஆயிரத்து இருநூத்தம்பது தாங்கும். டயரு லாரி ரகம், பக்கச் சுவரு கட்டியானது. டயர்லயும் ஓரத்துல ஒரு எண் இருக்கும், நூத்தி இருபத்தொண்ணு. அது கிலோ இல்லீங்க, அதுக்கு ஒரு அட்டவணை இருக்குது. அதுல பார்த்தா ஒரு டயர் ஆயிரத்து நானூத்தம்பது கிலோ. நாமக்கல்ல கெடைக்கலை, சேலத்துல ரெண்டு, ஈரோட்டுல ரெண்டு. நாலும் ஒரே மாசம் செஞ்சதா இருக்கணும்னு பார்த்து எடுத்தேன். என் தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கறப்பக்கூட நான் இத்தனை பார்க்கலை. எல்லாம் பழிக்குத்தான். வேற எதுக்கு?

ராசிபுரத்துக்குக் கொண்டு போனேன். அவன் வீட்டு போர்ட்டிகோவுல வண்டி ஜாக்கி மேல நின்னுட்டு இருந்துது. அவன் கம்பி வண்டியைப் பிடிச்சு நடந்து வந்து நாற்காலியில உட்கார்ந்தான். மூணு வீலு மாட்டினேன். நாலாவதை உருட்டிட்டுப் போய் அவன் காலடியில சாய்ச்சு வச்சேன்.

'முதுகுப் பக்கம் என்ன எழுதியிருக்குதுன்னு படி'ன்னேன்.

கண்ணாடி போட்டுக் குனிஞ்சான். 'ஆயிரத்து இருநூத்தம்பது.'

'அன்னைக்கு மாட்டினதுல என்ன இருந்துதுன்னு தெரியுமா?'

'அறுநூத்தித் தொண்ணூறு'ன்னான். 'இன்சூரன்ஸ்காரர் உடைஞ்ச துண்டை ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்து காட்டினாரு.'

'நான் அதைப் பார்த்துட்டுத்தான் மாட்டினேன்.'

சொல்லிட்டேன். எட்டு மாசமாத் தொண்டையில நின்னது.

அவன் கண்ணாடியைக் கழட்டினான். 'தெரியும்'ன்னான். 'அரை இஞ்சுக்கு லாரிக்காரனோட மல்லுக்கட்டறவன் நீ. அன்னைக்கு வாயே திறக்கலை. கட்டில்ல மல்லாந்து கெடந்தப்ப அதைத்தான் நெனைச்சேன்.'

'அப்பறம் எதுக்கு அப்படி எழுதிக் குடுத்தே?'

'ஒருக்கா உன் பேரைச் சொன்னேன். மறுக்கா சொல்ல வாய் வரலை. இத்தோட விடு, செங்கோடா. நீ பட்டதுக்கு நானும் பட்டுட்டேன்.'

விடுன்னு சொல்றதுக்கு அவன் யாருங்க? தொடங்கினது அவன், முடிக்கறதும் அவனா? நான் அதைக் கேக்க வாயெடுத்தேன். அப்பத்தான் நிலைப்படியில ஆள் நிக்கறது தெரிஞ்சுது.

அந்தம்மா காப்பி கொண்டு வந்திருந்தாங்க. தட்டு இல்லை. வலது கையில ஒரு டம்ளர் மட்டும். இன்னொண்ணுக்கு இன்னொருக்கா உள்ள போகணும். அப்பத்தான் நான் அவங்க இடது கையைப் பார்த்தேன். நாலு விரலும் நீட்டினபடியே நின்னுது, மடங்கலை.

எதுவரைக்கும் கேட்டாங்கன்னு தெரியலை. எல்லாம் கேட்டிருப்பாங்க போல. டம்ளரைத் தரையில வச்சாங்க.

'தாங்குமான்னு நான்தானுங்கண்ணா கேட்டேன்'ன்னாங்க என்கிட்ட. குரலே உயரலை. அப்பறம் புருசன் பக்கம் திரும்பினாங்க. 'உங்களுக்கு எப்பத் தெரியும்?'

'ஆஸ்பத்திரியில.'

'எட்டு மாசமாவா?'

'சொன்னா நீ தாங்க மாட்டேன்னு...'

'ஓ'ன்னாங்க.

ஜாக்கி மேல நின்ன வண்டியைப் பார்த்தாங்க. பொறவு, 'மாட்டி முடிங்கண்ணா'ன்னாங்க. நான் நாலாவதையும் மாட்டி, முடுக்கி, ஜாக்கியை இறக்கினேன். அவங்க உள்ள போய் சாவியோட வந்தாங்க.

'எங்க போறே?'ன்னான் லோகநாதன்.

'ஓட்டிப் பார்க்க வேண்டாமா? அண்ணன் ஏறட்டும். நீங்க இருங்க.'

'நான் ஓட்டறனுங்க, அம்மணி'ன்னேன். காதுல வாங்கலை. டிரைவர் பக்கம் ஏறிட்டாங்க. வண்டி அவங்களுக்குப் புதுசு இல்லை, சமதரையில முந்தியே ஓட்டியிருக்கறாங்கன்னு லோகநாதன் சொல்லியிருந்தான். மலையில இல்லை. 'இடது பக்கம் உட்காருங்க. நான் உட்கார்ந்திருந்த இடம்'ன்னாங்க.

உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன்னு எனக்கே தெரியலை. மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்.

கியரு இடது கையிலதானுங்களே போடணும். விரல் மடங்காதுல்ல. உள்ளங்கை அடியில குமிழை வச்சுத் தள்ளறாங்க, இழுக்கணும்னா மணிக்கட்டைக் கொக்கி மாதிரி போட்டு இழுக்கறாங்க. ஒவ்வொருக்கா போடறப்பவும் என் முழங்காலுக்குப் பக்கத்துல அந்தக் கை வந்து வந்து போகுது. நான் வெளிய பார்த்துட்டு வந்தேன். சேந்தமங்கலம் வந்துது, என் கடையைத் தாண்டிப் போனோம். நிறுத்தச் சொன்னேன். நிறுத்தலை. காரவள்ளி வந்துது. மலை ஏற ஆரம்பிச்சாங்க.

எழுபது வளைவுங்க அதுல. ஒவ்வொண்ணுலயும் எண் எழுதின பலகை நிக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நான் படிச்சுட்டே வந்தேன். வலது கை ஒண்ணை மட்டும் வச்சு ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கறாங்க. இடது கையால அழுத்திக்கறாங்க, அவ்வளவுதான். பதினேழாவது வளைவுல எதுக்க பஸ் வந்துது. வண்டி பின்னால ஒரு முழம் உருண்டுது. நான் மேல இருந்த கைப்பிடியை எட்டிப் பிடிச்சேனுங்க. நான் மாட்டின வீல், நான் முடுக்கின நட்டு, அதுல பயமில்லை. அந்தக் கைதான் பயம்.

இருபதுக்கு மேல போய்த்தான் பேசினாங்க.

'கீழ இறங்கினதும் கறி எடுக்கலாமா மீன் எடுக்கலாமான்னு பேசிட்டு வந்தோம். அவர் மீன்னாரு. நான் கறின்னேன்.'

நான் அடுத்த வளைவுப் பலகையைப் படிச்சேன்.

'இந்தக் கையில தலை பின்ன முடியாதுங்கண்ணா. எட்டு மாசமா அவர்தான் பின்னி விடறாரு. இடுப்பு வலியோட நின்னுட்டுப் பின்னுவாரு. எத்தனை அன்பான மனுசன்னு நெனைச்சுட்டு இருந்தேன்.'

முப்பத்தெட்டு. சுவத்துல புதுசாப் பூசின இடம் வெள்ளையாத் தெரிஞ்சுது. ஓரமா நிறுத்தி, கை பிரேக்கை ரெண்டு கையும் சேர்த்து இழுத்தாங்க.

'இறங்குங்க.'

இறங்கினேன். 'அம்மணி, உங்களுக்குன்னு நான் எதுவும்...' அப்படின்னு என்னமோ சொல்லத் தொடங்கினேன்.

'நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டீங்க. நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலை'ன்னாங்க. சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டாங்க. கீழ திருப்பலை. மேலயே போனாங்க. அண்ணாந்து பார்த்தா மரத்துக்கு நடுவுல ஒவ்வொரு வளைவுலயும் வெள்ளையாத் தெரிஞ்சு மறையுது. நான் சக்கரத்தையே பார்த்துட்டு நின்னேன். நாலும் ஒரு நூல் ஆடலீங்க. அத்தனை எடைக்கு அப்படி உட்கார்ந்து ஓடுது. அந்த வேலையில எவனும் ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது.

முப்பத்தெட்டு வளைவும் நடந்தே இறங்கினேன். பஸ் ஒண்ணு வந்துது. கை காட்டலை.

அடுத்த மாசம் மறுபடி போலீஸ் வந்துது. அந்தம்மா தனியா எழுதிக் குடுத்திருக்கறாங்க. நான் எண்ணைப் பார்த்துட்டுத்தான் மாட்டினேன், தெரிஞ்சே செஞ்சேன், என் வாயால சொன்னதைக் கேட்டேன்னு. புருசன் தெரிஞ்சே மறைச்சாருன்னும் எழுதியிருக்கறாங்க, அவரையும் விடலை. லோகநாதன் எனக்குப் போன் பண்ணினான். 'நான் எத்தனையோ சொல்லிப் பார்த்துட்டேன், அவ கேக்க மாட்டேங்கறா'ன்னான். அழுதானோ என்னமோ, குரல் ஒரு மாதிரி இருந்துது. பதினஞ்சு வருசத்துல முதல் தடவையா அவன் பேச்சு எனக்கு எரிச்சலா இல்லை. ரெண்டு பேரும் கோர்ட்டுல ஒரே கூண்டுல நிக்கப் போறோம்.

வர்ற பதினெட்டாந்தேதி வாய்தா. வக்கீலு பயப்படாதீங்கங்கறாரு. எனக்கென்னங்க பயம், உள்ள இருந்து பார்த்தவன்தானே. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கலை. எத்தனை நாள் உட்கார்ந்து யோசிச்சுட்டேன். பகைன்னா எனக்கும் அவனுக்கும்தான். அவன் என்னைக் கெடுத்தான், நான் அவனைக் கெடுத்தேன், அது எங்களுக்குள்ள. நடுவுல அந்தம்மாவுக்கு என் மேல அப்படி என்னங்க ஆத்திரம்? அவங்களை நான் என்ன பண்ணினேன்?